உன் இடுப்பில் நான் தைத்த இரண்டு கிலோ

என் அண்ணைக்கு, என் அறுபத்துமூன்று கிலோ ஜெறோமுக்கு,

உன் நிறையோடுதான் தொடங்க வேண்டும். உன் பெயரை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். நிறை மட்டும் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. காலையில், வெறும் வயிற்றோடு, குளியலறைத் தராசில் நீ ஏறினால் அறுபத்துமூன்று. வெளியே நீ அறுபத்தொன்பது. மரண விசாரணைக் கோப்பிலும் அப்படித்தான் இருக்கிறது. அந்த ஆறு கிலோவின் கதையை நான் அண்மைவரை யாருக்கும் சொல்லவில்லை. இப்போது மற்றவர்களும் கேட்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன்.

நீ போய் ஒன்றரை வருடம். முதலில் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். அம்மா மெலிந்துவிட்டாள். அப்பாவுக்கு ஒருவழியாகப் பகல் ஷிப்ட் கிடைத்திருக்கிறது. நான் இன்னும் கிழக்கு லண்டன் அப்டன் பார்க்கில் அதே திரைச்சீலைக் கடையில்தான், அதே மெஷினில். உன் ஜிம்மின் கூரை இன்னும் ஒழுகுகிறது. உன் படத்தை மட்டும் நனையாத பக்கமாகப் பார்த்து மாட்டியிருக்கிறார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பார்க்கிங் என்கிற ஊரில் நீ வென்ற அதே மண்டபத்தில், உன் பெயரில் குத்துச்சண்டைப் போட்டி. சங்கம் நடத்துகிறது. சங்கம் யாரென்று உனக்குத் தெரியும், வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: ரெய்னர்ஸ் லேனில் பெரிய வீட்டில் இருக்கிற, தோல் வைத்தியரான, நாங்கள் டொக்டர் அங்கிள் என்று கூப்பிடுகிற தலைவர்; அவர் சொல்வதற்குத் தலையாட்டுகிற ஏழெட்டுப் பேர். போட்டியின் சிறப்பு என்ன தெரியுமா? உன் நினைவாக, ஒவ்வொருவரும் தன்னைவிட நிறை கூடிய ஒருவரோடு மோத வேண்டுமாம். 'ஒரு படி மேலே' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். உன்னைக் கொன்றதை எடுத்து விதியாக எழுதி, கீழே உன் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.

டீ-சேர்ட்டும் அடித்தாகிவிட்டது. முன்னால் உன் முகம். பின்னால் ஒரே சொல்: 'நிறுத்து!' அன்றைக்கு மண்டபம் முழுக்கக் கத்தியது 'நிப்பாட்டு' என்றுதான். அது கொச்சையாம். சங்கத்தின் தமிழ்ப் பள்ளி வாத்தியார் திருத்திக் கொடுத்தாராம். உன் சாவில் ஒரு எழுத்துப்பிழைகூட வந்துவிடக் கூடாது என்று எவ்வளவு கவனம் பார்.

இதையெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டிருப்பேன், அண்ணை. ஒன்றரை வருடமாக அதைத்தானே செய்கிறேன். ஆனால் போன செவ்வாய்க்கிழமை அபி கடைக்கு வந்தாள்.

அபியை உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. நீ இருந்த கடைசி மாதங்களில் ஜிம்மில் சேர்ந்தவள். இப்போது பத்தொன்பது வயது, நல்ல கால் வேகம். கையில் ஒரு கறுப்புக் காற்சட்டை.

"அக்கா, இந்த இடுப்புப் பட்டியைப் பிரிச்சு ரெண்டு மடிப்பா தைப்பீங்களோ? உள்ளுக்கு ஏதும் வைக்கிற மாதிரி."

"என்னத்தை வைக்க?"

அவள் சிரித்தாள். "உங்களுக்குத் தெரியாதே? ஜெறோம் அண்ணா செய்த மாதிரித்தான்."

நான் மெஷினை விட்டுக் காலை எடுத்தேன். "ஆர் சொன்னது?"

"ஜிம்மிலை எல்லாருக்கும் தெரியும் அக்கா. அவரே சொல்லிச் சிரிச்சவராம். 'என்ர தங்கச்சி தைச்ச கவசம்' எண்டு."

"நீ எவ்வளவு நிறை?"

"ஐம்பத்திரண்டு. மற்றவள் அறுபது. ஆறு கிலோவுக்கு மேலை வித்தியாசம் இருந்தா விடமாட்டினம். ஒரு ரெண்டு கிலோ போதும் அக்கா."

இரண்டு கிலோ. உனக்கும் அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அந்தக் காலத்து நம் வீட்டுச் சமையலறையை நினைத்துப் பார்க்கிறேன். பார்சல் களஞ்சியத்தில் ஷிப்ட் முடிந்து வந்து, சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பழைய சண்டைகளைத் தொலைபேசியில் போட்டுப் பார்ப்பாய். உனக்கு ஒரே வகைச் சண்டைதான் பிடிக்கும். சின்னவன் பெரியவனை விழுத்துகிற சண்டை. தன் நிறைக்குரிய பட்டத்தை வென்று, அது போதாதென்று மேலே ஏறி, தன்னைவிட ஒரு தலை உயர்ந்தவனை மண்டியிட வைத்தவர்கள். எல்லாரையும் உனக்கு மனப்பாடம். "பாரடி, எத்தினை கிலோ கூட அவன்? இப்ப பார், இப்ப பார்," என்று கோப்பையைச் சரிப்பாய். சோறு கொட்டும். அம்மா திட்டுவாள்.

அந்த வீடியோக்கள் எல்லாம் ஒரே இடத்தில் முடியும். பெரியவன் கீழே, சின்னவன் தோள்களின் மேலே. பத்து வருடம் கழித்து அந்தச் சின்னவன் தேநீர்க் கோப்பையை எப்படிப் பிடித்தான், தன் பிள்ளையின் பெயர் அவனுக்கு ஞாபகம் வந்ததா என்று யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. நீயும் கேட்டதில்லை. நான் கேட்டபோது, "உனக்கு எப்பவும் செத்த வீட்டுக் கதைதான்," என்றாய்.

நீ மேலே ஏறியது ஆசைப்பட்டு மட்டும் இல்லை. உன் நிறையில் ஆள் இல்லை. இருந்தவர்களை ஏற்கனவே அடித்துவிட்டாய். ஞாயிறு மத்தியானச் சண்டைகள் நடத்துகிறவருக்கு, கடைசி வாரத்தில் யாராவது காயப்பட்டு விலகினால் அந்த இடத்துக்கு ஒருவன் வேண்டும். கூப்பிட்டால் வருகிறவன். தோற்றாலும் யாரும் கோபிக்காதவன். நீ அதற்குத் தோதாக இருந்தாய். முதல் முறை உன்னை அழைத்தது அறுபத்தெட்டுக் கிலோக்காரன் ஒருவனிடம் அடி வாங்குவதற்கு. அவனுக்குச் சாரக்கட்டு வேலை, கழுத்து என் தொடை மொத்தம். நீ அவன் கைக்குள்ளே போய்விட்டாய். நீளக் கைக்காரனின் பலமெல்லாம் கைநுனியில்தான். நெஞ்சோடு ஒட்டிவிட்டால் அவன் கை அவனுக்கே இடைஞ்சல் என்று நீ எனக்குச் சமையலறையில் செய்து காட்டியிருக்கிறாய். நான் மரக்கறி வெட்டுகிற கத்தியோடு நின்றேன். ஆறு ரவுண்டும் அவன் காற்றை அடித்தான். புள்ளிகளில் நீ வென்றாய். அன்றைக்கு மண்டபத்தில் எங்கள் ஆட்கள் பதினைந்து பேர்தான்.

இரண்டாவது, எழுபத்தொரு கிலோ. அதற்கு அறுபத்தைந்தாவது காட்ட வேண்டும். சண்டைக்காரர்கள் எல்லாரும் பட்டினி கிடந்து நிறை குறைப்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா தன் கையாலேயே தீத்தித் தீத்தி நிறை ஏற்றினாள். காலையில் முட்டை, பகலில் புட்டு, பின்னேரம் மறுபடி புட்டு. சாப்பிட்டு முடிக்க முடியாமல் நீ யன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "விழுங்கு ராசா, விழுங்கு," என்றாள். அந்தச் சண்டையில் நான்காவது ரவுண்டில் விலா எலும்புக்குக் கீழே ஒரு இடது கை. அவன் இருமினான், பிறகு மடிந்தான். நடுவர் சண்டையை நிறுத்தினார். நடுவர் நிறுத்தினால் அது பெரிய வெற்றி. எங்கள் ஆட்கள் அதை அன்றைக்கே தமிழாக்கிவிட்டார்கள். அடுத்த சண்டைகளில் எல்லாம், யார் யாரை அடித்தாலும், முன்வரிசையில் இருந்து "நிப்பாட்டடா அவனை!" என்று ஒரே கூச்சல்.

அதற்குப் பிறகுதான் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். ஹாரோப் பக்கத்திலிருந்து கார்களில். பிள்ளைகளை வயலினுக்கும் சதுரங்கத்துக்கும் அனுப்புகிறவர்கள். தங்கள் மகன் மூக்கில் ஒரு கீறல் விழுந்தால் பள்ளிக்கூடத்துக்கு மூன்று கடிதம் எழுதுகிறவர்கள். உன் மூக்கு உடைவதைப் பார்க்க முன்வரிசையில் இடம் பிடித்தார்கள். சங்க விருந்துக்கு உன்னைக் கூட்டிப்போய்ப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு கவுன்சிலர் எழும்பி, தமிழர்கள் தங்கள் எடைக்கு மேலே குத்துகிற சமூகம் என்றார். டொக்டர் அங்கிள் அதை மைக்கில் தமிழில் திருப்பிச் சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள். நீயும் தட்டினாய். நான் உன் கையைப் பார்த்தேன். நடுவிரல் மூட்டு வீங்கி நீலமாக இருந்தது. எடைக்கு மேலே குத்துகிறது எந்தச் சமூகம், அண்ணை? அந்த மண்டபத்தில் ஒரு கைதான் வீங்கியிருந்தது.

மூன்றாவது ஆள் எழுபத்தைந்து. ரோமானிய மூக்கும் அமைதியான கண்ணும் உள்ள ஒரு வெள்ளைக்காரப் பொடியன். நீ அறுபத்தொன்பது காட்ட வேண்டும். புட்டுத் தின்று அறுபத்தைந்து. நிறுப்பதற்கு அரை மணித்தியாலம் முன்னால் இரண்டு லீட்டர் தண்ணீர். அறுபத்தேழு. மிச்சம்?

நான்தான் சொன்னேன். எங்கேயும் போய் ஒளிக்க மாட்டேன், யோசனை என்னுடையது. திரைச்சீலையின் கீழ் மடிப்பில் காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஈயவில்லை வைத்துத் தைப்போம். காசு அளவு, தட்டையாக இருக்கும். கடையில் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. உன் காற்சட்டை இடுப்புப் பட்டியைப் பிரித்து, நாற்பது வில்லைகளை இரண்டு வரிசையாக, ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போடாதபடி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறை வைத்துத் தைத்தேன். நல்ல வேலை. என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் எதையும் தைக்கவில்லை. நீ போட்டுக்கொண்டு சமையலறையில் நடந்து காட்டினாய். இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

சனிக்கிழமை காலையில் உன்னை நிறுத்தார்கள். தராசுக்காரர் இலக்கத்தைத்தான் பார்த்தார். உன் இடுப்பைப் பார்க்கவில்லை. அறுபத்தொன்பது. பக்கத்தில் அந்தப் பொடியன் வாய் காய்ந்து, கன்னம் உள்ளே போய் நின்றான். எழுபத்தைந்துக்கு வருவதற்காக இரண்டு நாள் தண்ணீர் குடிக்காதவன் அவன். வெளியே வந்ததும் அவன் குடிக்கத் தொடங்கினான். நீ கழிவறைக்கு ஓடினாய். ஞாயிறு மத்தியானம் ரிங்குக்குள் ஏறியபோது அவன் எண்பது. நீ அறுபத்தைந்துகூட இல்லை. அந்த மண்டபத்தில் உன்னைத் தவிர அந்தக் கணக்குத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று போன செவ்வாய் வரைக்கும் நினைத்திருந்தேன்.

நீ நன்றாகத்தான் அடித்தாய். அதை யாரும் உன்னிடமிருந்து எடுக்க முடியாது, நானும் எடுக்க மாட்டேன். மூன்று ரவுண்ட் அவன் கைக்குள்ளேயே குடியிருந்தாய். நான்காவதில் அவன் அரை அடி பின்னால் போனான். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. வலது கை, உன் இடது காதுக்கு மேலே. நீ விழவில்லை. விழுந்திருக்கலாம், அண்ணை. உன் இடது பாதம் மட்டும் உள்பக்கமாகத் திரும்பியது, செருப்பை மாறிப் போட்டவனைப் போல. அது திரும்பி வரவேயில்லை.

நான் உன் மூலைக்குப் பின்னால் நின்றேன். தமிழ் தெரியாத உன் கோச் படியில் நின்றார், வியர்வை துடைக்கிற துவாய் அவர் தோளில். அதை அவர் ரிங்குக்குள் எறிந்தால் சண்டை முடிந்தது. நான் கத்தினேன். இந்த நாட்டில் பிறந்தவள் நான். கனவுகூட இங்கிலிஷில் வருகிறது. அந்த நேரத்தில் என் வாயில் வந்தது தமிழ்தான்: "நிப்பாட்டு! நிப்பாட்டு!"

உன்னை நிப்பாட்டச் சொன்னேன். சண்டையை நிப்பாட்டச் சொன்னேன்.

முன்வரிசை அதைப் பிடித்துக்கொண்டது. தங்கச்சியே கேட்கிறாள், அவனை விழுத்தச் சொல்கிறாள் என்று நினைத்தார்கள். "நிப்பாட்டு! நிப்பாட்டு!" முன்னூறு பேர். கால்களால் தரையில் தாளம் வேறு. கோச் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அவர் கை துவாயில் இருந்தது, நான் கண்டேன். எனக்குப் பக்கத்தில் இருந்த டொக்டர் அங்கிளிடம், இவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். டொக்டர் அங்கிள் சிரித்தபடி, அழகான இங்கிலிஷில், "அவனை முடித்துவிடு என்கிறாள்," என்றார். கோச் துவாயை விட்டுவிட்டு உன் பக்கம் திரும்பினார்.

நான் திருத்தவில்லை. வாய் திறந்தேன். அதற்குள் நீ அந்த இடது கையைப் போட்டாய், விலாவுக்குக் கீழே, அதே இடம். அந்த எண்பது கிலோ ஒரு பக்கமாகச் சரிந்தது. எனக்குள் ஏதோ எழும்பியது. அதன் பிறகும் நான் கத்தினேன், அண்ணை. அதே சொல்லைத்தான். ஆனால் இப்போது நானும் அவர்களைப் போலவே கத்தினேன். உன் கால் எப்படி நின்றது என்று நான் பார்க்கவேயில்லை.

ஆறாவது ரவுண்டில் அவன் மண்டியிட்டான். நடுவர் பத்து எண்ணினார். உன்னைத் தூக்கினார்கள்.

உடை மாற்றுகிற அறையில் நீ மர வாங்கில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்து, "பிள்ளை, நான் வெண்டனானோ?" என்றாய். ஓம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "நான் வெண்டனானோ?" ஓம் அண்ணை, வெண்டிட்டாய். மூன்றாவது தடவை கேட்டாய். ஓம் என்றேன். "ஆரோட?" என்றாய்.

பிறகு குனிந்து நிலத்திலேயே சத்தி எடுத்தாய். மண்டபத்து வைத்தியர் அடுத்தவனின் புருவத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். டொக்டர் அங்கிள் உள்ளே வந்து, "தண்ணி குறைஞ்சிருக்கும், ஒரு சோடா குடுங்கோ," என்று சொல்லி, உன் தோளில் கை போட்டுப் படம் எடுத்தார். அந்தப் படம்தான் இப்போது டீ-சேர்ட்டில். அவரை வெட்டிவிட்டு உன்னை மட்டும் போட்டிருக்கிறார்கள். உன் இரண்டு கண்மணியும் இரண்டு அளவு. உற்றுப் பார்த்தால் துணியிலும் தெரிகிறது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உனக்காக மெஷின் மூச்சு விட்டது. நாலாம் நாள் அதுவும் இல்லை.

உன் அடக்கப் பூசைக்கு அந்தப் பொடியன் வந்தான், தெரியுமா? கோவிலின் கடைசி வாங்கில், பொருந்தாத கறுப்புக் கோட்டோடு. எங்கள் ஆட்கள் ஒருவரும் அவனுக்குக் கை கொடுக்கவில்லை. அம்மா போய்க் கையைப் பிடித்தாள். "உன்னில பிழை இல்லை, மகன்," என்று தமிழில் சொன்னாள். அவனுக்கு என்ன விளங்கியதோ, அழுதான். அதன் பிறகு அவன் சண்டை போடவில்லை என்று கேள்வி. என்னை வெளியே நிறுத்திக் கேட்டான்: "அவன் உண்மையில் அறுபத்தொன்பதா?" ஓம் என்றேன். விசாரணையிலும் ஓம் என்றேன். உனக்குப் பொய் ஒன்று மிச்சம் இருந்தால் அதையாவது காப்பாற்றுவோம் என்று நினைத்தேன். உண்மையில் என்னைத்தான் காப்பாற்றினேன்.

அபியின் காற்சட்டையை நான் தைக்க மாட்டேன் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். காது, கால், "ஆரோட?" எல்லாம். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, "ஆனா அவர் வெண்டவர்தானே, அக்கா?" என்றாள். "நீங்கள் தைக்காட்டில் வேற ஆரும் தைப்பினம்." காற்சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளில் எனக்குக் கோபம் இல்லை. பகலெல்லாம் ஒரு கடையில் பெட்டி தூக்குகிறவள். அவளை ஒருவரும் இதுவரை பெயர் சொல்லிக் கைதட்டியதில்லை.

டொக்டர் அங்கிளுக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் வாய் திறக்கமுதலே, "பிள்ளை, உம்மைத்தான் நினைச்சனான். வெற்றிக் கிண்ணம் நீர்தான் குடுக்கவேணும். அதோட மேடைக்குப் பின்னாலை ஒரு நல்ல திரையும் தைச்சுத் தாரும்," என்றார்.

நான் ஈயத்தைச் சொன்னேன். அபியைச் சொன்னேன். நிறுக்கிற நேரத்தில் இடுப்புப் பட்டியைத் தடவிப் பார்க்கச் சொன்னேன்.

"அது எங்களுக்கும் அரசல்புரசலாத் தெரியும். ரெண்டு கிலோவாலை ஒருத்தரும் சாகேல்லை," என்றார்.

"அந்த ரெண்டு கிலோ இல்லாட்டில் அண்ணை ரிங்குக்கை ஏறியிருக்கேலாது, அங்கிள்."

"சும்மா குழப்பாதையும். உம்மட அண்ணன்ர பேர்தான் கள்ளன் எண்டு வரும். அப்பாவை யோசிச்சுப் பார்த்தீரோ?"

யோசித்தேன். அவரைப் பற்றி உனக்குச் சொல்லவே கை வரவில்லை. அப்பா பஸ்ஸில் உன் ஆறாவது ரவுண்டைப் பார்த்துக்கொண்டு போகிறார். சத்தத்தோடு. பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் காட்டுகிறார், மொழி தெரியாதவர்களுக்கும். "மை சன். எய்ட்டி கிலோ மேன். ஸ்டொப்." அவருக்கு இந்த நாட்டில் அவ்வளவு இங்கிலிஷும் போதுமாக இருக்கிறது. அம்மாவோ அந்தத் தொலைபேசிச் சத்தம் கேட்டால் கழிவறைக்குள் போய்விடுகிறாள். அவளுக்கு வேறு கணக்கு. "நான்தானே தீத்தினனான். புட்டைத் தீத்தித் தீத்தி நான்தானே அவனைப் பெரியவனிட்டை அனுப்பினனான்," என்று செபமாலையோடு சேர்த்துச் சொல்கிறாள். அவளுடைய புட்டில் ஏறியது இரண்டே கிலோ என்று நான் சொன்னால் அவள் ஒரு நாளாவது நித்திரை கொள்வாள். அதே வாயால் அப்பாவின் தொலைபேசியை நான் உடைத்தாக வேண்டும்.

நேற்றுக் காலை, அம்மா பூசைக்குப் போன பிறகு, உன் காற்சட்டையை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அப்பா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இதைத் தூக்கிப் பாருங்கோ."

தூக்கவில்லை. தேநீரை வைத்தார். "தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"மன்னாரிலை இருபது வருஷம் வலை இழுத்தவன் நான். ஈயம் கட்டின வலையை எத்தினை தரம் தூக்கியிருப்பன்? கொடியிலை அவன்ர காற்சட்டை தொங்கின விதத்திலையே கண்டுட்டன்."

"எப்ப கண்டனீங்கள்?"

"நிறுக்கிறதுக்கு முதல்நாள்."

"ஏன் சொல்லேல்லை?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அவன் வெல்லுவான் எண்டு நினைச்சன். வெண்டவன்தானே?" கோப்பையை மறுபடி கையில் எடுத்து, "சொல்லாதை பிள்ளை. சொன்னா எனக்குப் பாக்கிறதுக்கு ஒண்டும் இருக்காது," என்றார்.

நான் அவரைக் கட்டிப்பிடிக்கவில்லை. நல்ல மகள் ஒருத்தி செய்திருப்பாள். நான், "சொல்லத்தான் போறன் அப்பா," என்றேன். அவர் எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினார். கழுவி வைத்த கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

ஆக, ஜிம்முக்குத் தெரியும். சங்கத்துக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். தமிழ்ப் பள்ளி வாத்தியார் திருத்திக் கொடுத்த அந்தச் சொல்லை நேற்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்து. எடை போட்டு என்றும் அதற்கு அர்த்தம் இருக்கிறது. தெரியாமலே உண்மையை அச்சடித்து முதுகில் போட்டுக்கொண்டார்கள். நாங்கள் எல்லாரும் உன்னை நிறுத்தோம், அண்ணை. ஒருவரும் நிறுத்தவில்லை.

உனக்கு நான் தருகிற வாக்கு இதுதான். அவர்கள் கேட்ட திரையைத் தைக்க மாட்டேன். கிண்ணம் கொடுக்கப் போவேன். இந்தப் போட்டிக்கு அன்றைக்கே, மண்டபத்திலேயே நிறுக்கிறார்கள்; ஞாயிறு மத்தியானம், அபி தராசில் ஏறமுதல், நான் ஏறுவேன். என் கையில் உன் காற்சட்டை இருக்கும். முதலில் அதோடு நிற்பேன். பிறகு அதை அப்பாவின் மடியில் வைத்துவிட்டு, வெறும் கையோடு மறுபடி ஏறுவேன். இரண்டு இலக்கத்தையும் தராசுக்காரர் உரக்க வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் நான் வாசிப்பேன். உன்னைக் கள்ளன் என்பார்கள். என்னைக் கொலைகாரி என்பார்கள். அப்பா எழும்பிப் போய்விடுவார். உன் முகம் போட்ட சட்டைகள் அடுத்த வாரம் அப்டன் பார்க்கில் நிலம் துடைக்க வரும். வரட்டும்.

அதற்குப் பிறகும் அபி கயிற்றுக்குள்ளே ஏறினால், நான் அவளுடைய மூலையில்தான் நிற்பேன். அவள் கால் கொஞ்சம் உள்ளே திரும்பினாலும் போதும். இந்த முறை துவாய் என் தோளில் இருக்கும். என்னை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

கவசம் என்று நீ சொல்லிச் சிரித்ததைத் தைத்த
உன் தங்கச்சி,
நிர்மலி